வெட்டின் வேகமும் கண் நிற்கும் இடமும்

அன்புள்ள ஐயா,

அண்மைக்காலச் சண்டைப் படங்களைப் பார்த்து முடித்தால் தலைவலிதான் மிஞ்சுகிறது. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே விளங்குவதில்லை. நொடிக்கொரு முறை ஷாட்டை மாற்றுவதுதான் காரணம் என நினைக்கிறேன். பழையபடி நீண்ட ஷாட்டுகளுக்குத் திரும்புவதே தீர்வு அல்லவா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சலிப்பு எனக்கும் உண்டு; ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது, அதில் ஏறத்தாழ 2700 வெட்டுகள் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும் இடங்கள்) உள்ளன. சராசரியாக ஒரு ஷாட் மூன்று நொடிகூட நீடிப்பதில்லை. அப்படியிருந்தும் பாலைவனத்தில் எந்த வண்டி முன்னே செல்கிறது, எது பின்னே துரத்துகிறது என்பதில் நமக்குக் குழப்பமே வருவதில்லை.

காரணம், பார்க்க வேண்டிய முகமோ கையோ ஏறத்தாழ எப்போதும் சட்டகத்தின் நடுவிலேயே இருக்குமாறு இயக்குநர் ஜார்ஜ் மில்லரும் ஒளிப்பதிவாளர் ஜான் சீலும் படமாக்கியதுதான். ஒரு ஷாட் முடியும்போது நம் கண் எங்கே நிற்கிறதோ அங்கேயே அடுத்த ஷாட்டின் முக்கியப் பொருள் வந்து நிற்பதால், கண் எதையும் தேட வேண்டியதில்லை. சுமார் 480 மணி நேரப் படப்பதிவிலிருந்து இந்த ஓட்டத்தை உருவாக்கிய படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்செல் அதற்காக ஆஸ்கர் விருது பெற்றார். அதற்கு முன் அவர் சண்டைப் படம் எதையும் தொகுத்ததில்லை என்பதை நான் மிகுந்த மரியாதையுடன் நினைத்துக்கொள்கிறேன்.

ஹாங்காங் படங்களின் வழி வேறு. உதை விழும் கணத்தை அகன்ற ஷாட்டில் காட்டிவிட்டு, அடுத்து வரும் அண்மை ஷாட்டை, அகன்ற ஷாட் விட்ட இடத்துக்குச் சில ஃபிரேம்கள் (படத்தின் தனித்தனி நிலைப்படங்கள்) முன்னிருந்தே தொடங்குவார்கள். அந்த அசைவு சிறிதளவு இரண்டு முறை நிகழ்கிறது. ஆனால் நாம் அதைத் திரும்ப வந்ததாக உணர்வதில்லை, அடியின் கனமாகவே உணர்கிறோம். வெட்டைக் கடக்கக் கண்ணுக்கு வேண்டிய அவகாசத்தை அந்தச் சில ஃபிரேம்கள் தந்துவிடுகின்றன.

இன்று பல படங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அடி விழும் முன்பே வெட்டி, விழுந்த பின் வேறொரு கோணத்தில் தொடங்குகிறார்கள். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே ஷாட்டில் சேர்ந்து வருவதே இல்லை. அப்படித் துண்டாக்கிய காட்சியில் ஷாட்டை ஐந்து நொடி நீட்டினாலும் தெளிவு பிறக்காது.

வெட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலையும் ஒன்றுண்டு. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா தாமே தொகுத்த 'செவன் சாமுராய்' (1954) படத்தில், ஊரைக் காக்கும் சாமுராய் வீரர்கள் நாற்பது கொள்ளையரையும் வட்டங்களாக வரைந்து, வீழ்ந்தவர்களின் வட்டங்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்துக்கொண்டே வருவார்கள். ஊரின் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, இன்னும் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகே மழையில் நடக்கும் இறுதிப் போருக்குள் நாம் நுழைகிறோம்.

அடுத்த முறை தலைவலி தரும் காட்சி வந்தால், ஒலியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வெட்டிலும் உங்கள் கண் திரையில் எங்கிருந்து எங்கே தாவுகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே பாருங்கள். கண்டதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.