டெங்குவில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) 40,000-க்கு இறங்கினால் ஏற்றியே ஆக வேண்டுமா?

ரத்தக்கசிவு இல்லையென்றால் வேண்டாம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வீட்டார் வாட்ஸ்அப்பில் டோனர் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள், அவர்கள் நச்சரிப்புக்காகவே டாக்டரும் ஒரு பை எழுதிவிடுவது உண்டு. ஆனால் 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சிங்கப்பூர், மலேசிய ஆய்வில் 20,000-மும் அதற்குக் கீழுமாக இருந்த பெரியவர்களுக்கு ஏற்றிப் பார்த்தும் ரத்தக்கசிவு குறையவில்லை, அரிப்பு, தடிப்பு மாதிரித் தொல்லைதான் கூடியது.

டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பிளாஸ்மா கசிவு, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டு வெளியேறுவது. அப்போது பார்க்க வேண்டியது ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), பிரஷர், சிறுநீர் அளவு.

பிளேட்லெட் பை பொதுவாக 5 நாள்தான் தாங்கும், அதுவும் 20-24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தால். வீணாக ஏற்றிய பை, கீமோ வார்டுக் குழந்தைக்குப் போயிருக்கும். காரணம் எழுதாத படிவத்தை ரத்த வங்கி திருப்பி அனுப்பினாலே இப்படி வீணாக ஏற்றுவது பாதி குறையும் என்பது என் எண்ணம்.