வெளிநாட்டுத் தலைவர் வரும்போது தெருவில் நின்று கத்துவதால் என்ன மாறிவிடுகிறது?

கேள்வியைப் போட்டவர் கீழே ஒரு விளக்கமும் எழுதியிருக்கிறார்: "ட்ரம்ப் லண்டனுக்கு வந்தபோது தெருவெல்லாம் கூட்டம். அவர் பாட்டுக்கு வந்தார், ராணியோடு விருந்துண்டார், போனார். ஒன்றும் நடக்கவில்லையே, பிறகெதற்கு இந்தக் கூத்து?"

நியாயமான கேள்விதான். கால் விறைத்து நிற்கும்போது நானே இதை எனக்குள் கேட்டிருக்கிறேன். லண்டனுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. ஒன்றிரண்டில் கொடி பிடித்து, மற்றதில் வேலைக்குப் போகிற வழியில் வாய் பார்த்து என்று, இப்படி நாலைந்து போராட்டங்களைக் கிட்ட நின்று கண்டிருக்கிறேன். விருந்தாளி வந்தாரா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போராடியவர்கள் எப்போதும் தோற்றவர்கள்தான். நான் பார்ப்பது வேறு. விருந்தாளியின் நிகழ்ச்சி நிரலை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கமாக இருக்க வேண்டிய எது அதில் காணாமல் போயிருக்கிறது என்று தேடுவேன்.

அதற்கு முதலில் அரசுமுறைப் பயணம் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். ஒரு ஜனாதிபதி வேலையாக வரலாம்: விமான நிலையம், கார், பேச்சுவார்த்தை, பத்திரிகையாளர் சந்திப்பு, திரும்ப விமானம். அதற்குக் குதிரை தேவையில்லை. அரசுமுறைப் பயணம் என்பது திருவிழா. அழைப்பு மன்னர் பெயரில் போகும். அழைக்கச் சொல்வது அன்றைய அரசாங்கம். இரு பக்கமும் கொடி கட்டிய தி மால் சாலையில் குதிரை வண்டி ஊர்வலம், பக்கிங்காம் அரண்மனையில் தங்கல், கிரீடமும் பதக்கமுமாக இரவு விருந்து, சிலருக்கு நாடாளுமன்றத்தின் இரண்டு அவைக்கும் சேர்த்து உரை. வந்தவர் ஊருக்குக் கொண்டுபோவது அந்தப் படங்களைத்தான். எங்கள் ஊர்க் கோயில் கணக்கில் சொன்னால், சுவாமி வெளிவீதி சுற்றினால்தான் திருவிழா. உள்வீதியோடு முடித்துக்கொண்டால் அது பூசை.

இனி ட்ரம்ப் கதைக்கு வருவோம். அவர் பதவியேற்று ஏழாம் நாள், 2017 ஜனவரி 27, பிரதமர் தெரேசா மே வாஷிங்டனுக்கே போய் அழைப்பை அறிவித்தார். அவ்வளவு அவசரம். உடனே நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கிளம்பியது. 18 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. அந்த மனுவின் வாசகத்தைப் பலர் கவனிக்கவில்லை. ட்ரம்ப் வரக்கூடாது என்று அதில் இல்லை. அமெரிக்க அரசின் தலைவராக வரட்டும், அரசுமுறைப் பயணமாக வேண்டாம், ராணிக்கு அது சங்கடம் என்றுதான் கேட்டார்கள். அதாவது வீட்டுக்கு வா, ஆனால் தேரில் ஏற்ற மாட்டோம் என்கிற மாதிரி. பெப்ரவரி 20-இல் மனு விவாதிக்கப்பட்டது. அதற்கு முன்னரே அப்போதைய சபாநாயகர் ஜோன் பேர்கோ, நாடாளுமன்ற வளாகத்திலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ட்ரம்ப் உரையாற்றுவதைத் தான் எதிர்ப்பதாகச் சபையிலேயே சொல்லிவிட்டார். அரசாங்கம் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அழைப்புக்கும் அந்த விருந்துக்கும் நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று.

நடுவில் 2018 ஜூலையில் ஒருதரம் வந்தார், வேலைப் பயணமாக. அப்போதுதான் அந்தப் பலூன். டயப்பர் கட்டி, கையில் போனோடு, முகத்தைச் சுளித்த செம்மஞ்சள் குழந்தை. இரவு வேலை முடிந்து வருகிற வழியில் வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கிப் பார்த்தேன். பத்திரிகையில் கண்ட அளவுக்குப் பெரிதில்லை. 6 மீற்றர், ஒரு இரண்டு மாடி வீட்டு உயரம். கயிற்றில் கட்டித்தான் பறக்கவிட்டார்கள், அதுவும் காலையில் இரண்டு மணி நேரம். இதற்கா உலகம் முழுக்க இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். ஆனால் விருந்தாளியே ஒரு பேட்டியில், என்னை வரவேற்கவில்லை என்று காட்டப் பலூன் விடுகிறார்கள், பிறகு நான் ஏன் லண்டனுக்குப் போக வேண்டும் என்ற பொருளில் சொல்லியிருந்தார். ஹெலிகொப்டரில் லண்டனுக்கு வெளியே பிளெனம் மாளிகை, செக்கர்ஸ், வின்ட்சர் என்று நகரத்தைச் சுற்றிச் சுற்றியே கொண்டுபோனார்கள். ரீஜன்ட்ஸ் பார்க்கில் அமெரிக்கத் தூதரின் வீட்டில் படுத்ததுதான் லண்டன். அந்தப் பலூன் இப்போது லண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

உண்மையான அரசுமுறைப் பயணம் 2019 ஜூன் 3 முதல் 5 வரை. விருந்து நடந்தது, கேள்வி கேட்டவர் சொன்னது சரி. ஆனால் தி மாலில் குதிரை வண்டி போகவில்லை. ஹெலிகொப்டரில் அரண்மனைத் தோட்டத்துக்குள்ளேயே இறக்கினார்கள். நாடாளுமன்ற உரை இல்லை. அரண்மனையில் தங்கவுமில்லை, திருத்த வேலை நடக்கிறதாம்.

ஜூன் 4 நான் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் நின்றேன். தங்கக் கொமட்டில் குந்தியிருக்கும் ஒரு பெரிய ட்ரம்ப் பொம்மையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், 16 அடி. கையில் போன். அவருடைய வழக்கமான வசனங்களைச் சொல்லும், நடுநடுவே வாயு பிரியும் சத்தம். பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னோடு வந்த நண்பருக்கு முகம் சரியில்லை. "உதைப் பாக்கவே நாங்கள் வேலைக்கு லீவு போட்டனாங்கள்?" என்றார். எங்களுக்குப் போராட்டம் என்றால் கறுப்புக் கொடி, மெழுகுதிரி, கண்ணீர். வெள்ளைக்காரன் செத்தவீட்டுக்கும் பகிடியோடு வருவான். அன்று எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், தன் படத்தைப் பற்றியே எந்நேரமும் கவலைப்படுகிற ஒரு மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான பதில் இல்லை. அன்றே, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மேயோடு நின்று ட்ரம்ப் சொன்னார்: ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்ததைத்தான் கண்டாராம், எதிர்ப்பு மிகச் சிறிதாம், மீதி பொய்ச் செய்தியாம். முதல் நாள் அரண்மனைக்கே வானத்தால் போனவருக்கு அப்படித்தான் தெரியும்.

2025 செப்டம்பரில் மறுபடியும். இரண்டாம் தடவை அரசுமுறை அழைப்புப் பெற்ற முதல் அமெரிக்க ஜனாதிபதி. இம்முறை குதிரை வண்டி இருந்தது, எங்கே என்றால் வின்ட்சர் கோட்டை வளவுக்குள். மரம், புல், குதிரைப் படை. பொதுமக்கள் ஒருவரும் இல்லை. நாடாளுமன்றம் விடுமுறையில். பக்கிங்காமில் திருத்த வேலை என்பதால்தான் வின்ட்சர் என்றார்கள். சரி, அதே வருடம் ஜூலையில் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோனும் வின்ட்சருக்குத்தான் வந்தார். அவருடைய வண்டி ஊருக்குள்ளால், சனம் கையசைக்க, கோட்டைக்குப் போனது. நாடாளுமன்றத்திலும் பேசினார். இரண்டு மாத இடைவெளியில் ஒரே கோட்டை, ஒரே மன்னர். ஒருவருக்கு வெளிவீதி, மற்றவருக்கு உள்வீதி. இந்த வித்தியாசத்தை எந்த அரசாங்க அறிக்கையிலும் காண மாட்டீர்கள். (அப்படியும் விடவில்லை: முதல் நாள் இரவு கோட்டைக் கோபுரத்திலேயே ட்ரம்பும் பாலியல் குற்றவாளி எப்ஸ்டீனும் நிற்கும் படங்களை ஒளியால் பாய்ச்சினார்கள். நால்வர் கைது.)

ட்ரம்புக்கு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஈராக் போர் நடந்த 2003-இன் நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் வந்தபோதும் மால் ஊர்வலம் இல்லை, நாடாளுமன்ற உரை இல்லை. வேலை நாளான ஒரு வியாழக்கிழமை, பொலிஸ் கணக்கிலேயே ஒரு லட்சம் பேர் வரை கூடி, பாக்தாத்தில் சதாமின் சிலையை இழுத்து விழுத்தியது போல ட்ரஃபால்கர் சதுக்கத்தில் புஷ்ஷின் காகிதச் சிலையை விழுத்தினார்கள். மறுபக்கம், 1978-இல் ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்கு ராணியோடு ஜம்மென்று குதிரை வண்டியில் போனார், பட்டமும் வாங்கினார். அந்தப் பட்டத்தைப் பறித்தது 1989 டிசம்பர் 24. அடுத்த நாள் அவரைச் சுட்டுவிட்டார்கள்.

இந்தப் படச் சண்டையை நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் சீனர்கள். 2015 ஒக்டோபரில் சீ ஜின்பிங் வந்தபோது தி மாலின் ஓரமெல்லாம் சீனக் கொடியோடு மாணவர்கள், மேளம், பதாகை. திபெத் கொடியோடு வந்தவர்கள் அந்தச் சிவப்புக்குள் அமுங்கிப் போனார்கள். தெருச் சத்தத்தால் ஒன்றும் ஆகாது என்றால், தெருவை நிரப்ப இவ்வளவு பாடுபட்டிருப்பார்களா?

சத்தமே இல்லாமல் நடந்த ஒன்றும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது அதுதான். நான் இங்கு வருவதற்கு முந்தியது. 1998 மே மாதம் ஜப்பானியப் பேரரசர் அகிஹிதோ வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்த பழைய சிப்பாய்கள், எழுபது எண்பது வயதுக் கிழவர்கள், பதக்கங்களைக் குத்திக்கொண்டு தி மாலில் வரிசையாக நின்றார்கள். ராணியும் பேரரசரும் போன வண்டி கிட்ட வந்ததும் அப்படியே முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். வாயால் ஒரு பழைய இராணுவ மெட்டை விசிலடித்தார்கள். அவ்வளவுதான். அவர்கள் கேட்டது ஜப்பானின் மன்னிப்பும் இழப்பீடும். இழப்பீட்டு விசயத்தில் ஜப்பான் அசையவில்லை. ஆனால் 2000 நவம்பரில் பிரித்தானிய அரசாங்கம், உயிரோடு இருந்த ஒவ்வொரு கைதிக்கும் 10,000 பவுண் தருவதாக அறிவித்தது. முதுகைக் காட்டியது பேரரசருக்கு; அது உறைத்தது அவருக்கு விருந்து வைத்தவனுக்கு. இப்படியான போராட்டங்களில் பெரும்பாலும் அப்படித்தான். விருந்தாளியை நாங்கள் திருத்த முடியாது, அவர் எங்களிடம் வாக்குக் கேட்டு வருகிறவர் இல்லை. கூப்பிட்டவன் கேட்டு வருவான்.

அந்தக் கிழவர்களில் பலர், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்டவர்கள், 415 கிலோமீற்றர். அதே பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள். அவர்களுக்காக முதுகைத் திருப்பி நிற்கத் தி மாலில் எவரும் இருக்கவில்லை, அந்தப் 10,000 பவுணும் அவர்கள் பிள்ளைகளுக்கில்லை.

எங்கள் கதையையும் சொல்லாமல் போனால் நேர்மையில்லை. அப்போதைய இலங்கை ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அரசுமுறைப் பயணமாக வந்தவரில்லை, ஆனால் வழி ஒன்றுதான். 2010 டிசம்பரில் ஒக்ஸ்போர்ட் யூனியன் என்ற விவாதக் கழகத்தில் அவர் பேசவிருந்தது, பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்தானது. 2012 ஜூனில் ராணியின் வைர விழாவுக்கு வந்தார். 6-ஆம் திகதி காலை மான்ஷன் ஹவுஸில் பொருளாதார மாநாட்டில் அவருடைய உரை, அதையும் நிறுத்திவிட்டார்கள். மதியம் மார்ல்பரோ ஹவுஸில் பொதுநலவாயத் தலைவர்களோடு விருந்து மட்டும் மிஞ்சியது. நாங்கள் பால் மாலில், பொலிசார் போட்ட கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றோம்.

என் பக்கத்தில் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும். லாமினேட் பண்ணிய ஒரு படம் கையில், மகனுடையது. வரிசையாகக் கறுப்புக் கார்கள் வந்தன, எல்லா நாட்டுத் தலைவர்களும் அந்த வழியால்தான். எது அவருடைய கார் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. அதனால் வந்த ஒவ்வொரு காருக்கும் படத்தை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். எந்தெந்த நாட்டுப் பிரதமரெல்லாம் அந்தப் பையனைப் பார்த்தார்களோ. சிங்கக் கொடியோடு ஒன்று வர, கூட்டம் கத்திய கத்தலில் அம்மா பதறிப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார். கார் போய்விட்டது.

காலையில் உரை நின்றதைச் சொல்லி, அது பெரிய விசயம் அம்மா என்று ஆறுதல்படுத்தப் பார்த்தேன். "பேச்சு நிண்டா என்ன தம்பி, ஆள் உள்ளுக்கை இருந்து சாப்பிடுதுதானே" என்றார். உங்கள் கேள்வியேதான். அன்று என்னிடம் பதிலிருக்கவில்லை. பிளாஸ்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து நேராகப் பிடித்துக்கொண்டு, "திரும்பியும் உந்த வழியாலதானே வருவினம்?" என்று கேட்டார்.