ஜப்பானில் 33 சதவீதம் என்றால் அப்பாவுக்கு எவ்வளவு?

கேள்வி: 61 வயதான என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று பயாப்சியில் தெரியவந்துள்ளது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஜப்பானில் 33 சதவீதம், பெரும்பாலான நாடுகளில் 10 முதல் 20 சதவீதம் என்று படித்தேன். எதை நம்புவது?

பதில்: அந்த எண்கள் சரியானவை. ஆனால் அவற்றில் எதுவும் உங்கள் அப்பாவுக்கு உரிய எண் அல்ல. 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்டவர்களைக் கணக்கிட்ட கான்கார்ட்-3 என்ற, பல நாடுகளின் புற்றுநோய் உயிர்வாழ்வை ஒப்பிடும் ஆய்வில் வந்தவை அவை. இன்று வழக்கத்தில் உள்ள முக்கிய மருந்துகள் பலவும் அப்போது பரவலாகக் கிடைக்கவில்லை.

2022-ல் உலகெங்கும் சுமார் 24.8 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் வந்தது, 18.2 லட்சம் பேர் இறந்தார்கள். இவ்வளவு மரணத்துக்கு முதல் காரணம் தாமதம். நுரையீரல் திசுவுக்குள் வலி நரம்புகள் இல்லாததால் கட்டி சத்தமில்லாமல் வளர்கிறது. நாட்டுக்கு நாடு உள்ள வித்தியாசத்திலும் எந்த நிலையில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் ஒரு கணக்குப் பிசகும் ஒளிந்திருக்கிறது. ஒருவர் இருமலோடு 67 வயதில் வந்து 70-ல் இறந்தால் மூன்றாண்டு வாழ்ந்தவர். அதே கட்டியை 63-லேயே ஸ்கேனில் பார்த்து, சிகிச்சையால் பலன் எதுவும் கிடைக்காமல் அதே 70-ல் அவர் இறந்தாலும், 'ஐந்தாண்டைத் தாண்டியவர்' என்று பதிவாகிவிடுவார். அதனால்தான் ஸ்கேன் பரிசோதனையின் பயனை உயிர்வாழ்வு சதவீதத்தால் அளப்பதில்லை, இறப்பு எண்ணிக்கையால் அளக்கிறார்கள். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நீண்டகாலம் அதிகமாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் இறப்பே 20 சதவீதம் குறைந்தது. அது உண்மையான லாபம்.

நீங்கள் பார்க்க வேண்டியது நோயின் நிலை. சர்வதேச நிலை வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பில், பரவாத, 1 செ.மீ.க்கு மிகாத கட்டிக்கு ஐந்தாண்டு உயிர்வாழ்வு 92 சதவீதம். பெரும்பாலும் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகள் வரை பரவிய 3ஏ நிலையில் 36. அதற்கும் அப்பால் பரவத் தொடங்கிய 4ஏ நிலையில் 10. பெயர் ஒன்றுதான், ஆனால் இடைவெளியைப் பாருங்கள். நிலையைத் துல்லியமாக அறிய, குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும் இடங்களைக் காட்டும் பெட்-சி.டி. ஸ்கேனுடன் மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் தேவையா என்று கேளுங்கள். மூளை இயல்பாகவே குளுக்கோஸை அதிகம் உறிஞ்சுவதால், அங்குள்ள சிறு கட்டிகள் பெட் படத்தில் தெரியாமல் போகலாம்.

அடுத்தது புற்றுநோயின் வகை. பயாப்சி அறிக்கையில் 'ஸ்மால் செல்' என்று இருக்கிறதா, 'அடினோகார்சினோமா' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது என்றால், குறிப்பாக நோய் முற்றிய நிலையில், ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.1 மரபணுச் சோதனைகளும், எத்தனை சதவீதப் புற்றணுக்களில் பி.டி.-எல்1 என்ற புரதம் இருக்கிறது என்று பார்க்கும் சோதனையும் அவசியம். ஆசிய நோயாளிகளில் இந்த வகை உள்ளோரில் பாதிப் பேர் வரை ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது; அதற்கு மாத்திரையே முதல் சிகிச்சையாக அமையலாம். அந்த மாற்றங்கள் இல்லாமல் பி.டி.-எல்1 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், உடலின் நோயெதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி கைகொடுக்கும். அப்படிப்பட்ட முற்றிய நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து எடுத்தவர்களில் 32 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். கீமோவில் தொடங்கியவர்களில் 16 சதவீதம்.

இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. பயாப்சித் துணுக்கு ஊசிமுனை அளவுதான் இருக்கும். வகையைக் கண்டுபிடிக்கவே அதைச் சீவித் தீர்த்துவிட்டால் மரபணுச் சோதனைக்குத் திசு மிஞ்சாது. திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பதற்குப் பெயர் பிளாக். 'பிளாக்கில் மிச்சம் இருக்கிறதா?' என்று முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் மரபணு மாற்றத்தை ரத்தத்தில் பார்க்கலாம். அதில் மாற்றம் தெரிந்தால் பெரும்பாலும் நம்பலாம். தெரியாவிட்டால் 'இல்லை' என்று முடிவுகட்ட முடியாது. முடிவு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம். அந்தக் காத்திருப்பு கொடுமையானது, புரிகிறது. ஆனாலும் அவசரப்பட்டு இம்யூனோதெரபி தொடங்கிவிட்டு, பிறகு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் தெரிந்து அதற்கான ஓசிமெர்ட்டினிப் மாத்திரை கொடுத்தால் நுரையீரலில் கடும் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. மூச்சுத்திணறல் அதிகமாகிக் காத்திருக்க முடியாவிட்டால், முதல் சுற்றில் கீமோ மட்டும் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள்.

அப்பா புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 'இனிமேல் என்ன?' என்பது தவறு. அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள் குறையும், கதிர்வீச்சும் நன்றாக வேலை செய்யும்.

இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும், பயாப்சி ஸ்லைடுகளையும் பிளாக்கையும் எடுத்துச் செல்லுங்கள். படத்தையும் திசுவையும் நேரில் பார்க்காமல் யாராலும் நிலையை மறுபரிசீலனை செய்ய முடியாது.