வாசகர் கேள்வி – பதில்: டேங்க் வாய்ச் சல்லடையைப் பிடுங்கலாமா?

கேள்வி (வடசேரி வாசகர்): 1929 மாடல் ஏ ஃபோர்டு வைத்திருக்கிறோம். பங்கில் பெட்ரோல் போடும்போது நாசில் ரெண்டு விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்று நின்றுவிடுகிறது. மீறி அழுத்தினால் பெட்ரோல் முன் கண்ணாடி வரை தெறிக்கிறது. டேங்க் வாயில் இருக்கும் பித்தளைச் சல்லடையைப் பிடுங்கிப் போடுங்கள் என்கிறார் மெக்கானிக். பிடுங்கலாமா?

பதில்: வேண்டாம். சல்லடை தன் வேலையைத்தான் செய்கிறது. ஊற்றும் வேகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பங்க் நாசிலின் நுனியில், ஓரமாக ஒரு சின்ன ஓட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் பாயும்போது அதன் வழியாகக் காற்று உறிஞ்சப்படும். டேங்க் நிறைந்து பெட்ரோல் அந்த ஓட்டையை மூடினால் காற்று நின்று, உள்ளே இழுவிசை கூடி, லீவர் விடுபட்டுவிடும். உங்கள் வண்டியில் பெட்ரோல் வலையில் மோதி நுரைத்து மேலே எழும்புகிறது. நுரை ஓட்டையை மூடியதும், டேங்க் நிறைந்துவிட்டதாக நினைத்து நாசில் நின்றுவிடுகிறது. இந்த வண்டி வந்த காலத்தில் இவ்வளவு வேகமாகப் பெட்ரோல் தள்ளும் பம்ப் கிடையாது.

மாடல் ஏ-யில் டேங்க் இருக்கும் இடத்தையும் யோசியுங்கள். இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவே, கண்ணாடிக்கு முன்னால். பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ள வண்டியில் பம்ப் கிடையாது. சரிவிலேயே கார்புரேட்டருக்கு இறங்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றடிக்கும் நாளில் மூடியைத் திறந்தால் மண் நேராக வாய்க்குள் விழும். சல்லடை இல்லையென்றால் அது டேங்குக்குக் கீழே அழுக்குத் தங்கும் வண்டல் கிண்ணத்தில் தேங்கும், மிஞ்சியது கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட்டை அடைக்கும். வழிந்த பெட்ரோலோ பானெட் இடுக்கு வழியாகச் சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும். அதனால் இப்படிப் போடுங்கள்:

பங்கில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். 'ஆயிரம் ரூபாய்க்குப் போடுங்க' என்று சொல்லாமல் லிட்டர் கணக்கில் கேளுங்கள். எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியாமல் ரூபாய்க் கணக்கு சொல்வதால்தான் பாதி வழிசல். சல்லடை இருக்கும்போது அளவுகுச்சி இறங்காது. சல்லடையைக் கழற்றி, மரக்குச்சியால் அளந்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். நாசில் நுனி வலையைக் குத்தாமல், டேங்க் கழுத்தின் உள்சுவரில் சாய்ந்து உரசியபடி இருக்கட்டும். உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் நிலைமின்னூட்டமும் தேங்காது. லீவரைப் பாதி அளவுக்கும் குறைவாக அழுத்தச் சொல்லுங்கள், கொக்கியில் மாட்டிவிடக் கூடாது. டேங்க் வாயைச் சுற்றியுள்ள மேல்தகட்டின் (கௌல்) பெயின்ட்டில் சொட்டினால் பளபளப்பு போய்விடும், அங்கே ஒரு ஈரத்துணியை விரித்துவிடுங்கள்.

இந்த டேங்க் 10 அமெரிக்க கேலன், சுமார் 38 லிட்டர். விளிம்புவரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பூமிக்கடியில் குளிர்ந்து கிடந்த பெட்ரோல் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் முக்கால் லிட்டர் கூடிவிடும். 35 லிட்டரோடு நிறுத்துங்கள். இவ்வளவு செய்தும் நுரைத்தால், சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணிகளில் மஞ்சளாக, வார்னிஷ் போல ஒரு படலம் தெரியும். பழைய பெட்ரோல் காய்ந்து விட்டுப்போன பிசின் அது. தின்னரில் அரை மணி ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் வெளிப்பக்கத்திலிருந்து தேய்த்தால் போய்விடும். கம்ப்ரஸர் காற்றைக் கிட்டத்தில் வைத்து அடிக்காதீர்கள், ஈயப்பற்று விட்டுப்போகும். மூடியிலுள்ள காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் ஓடும்போது டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் வண்டி நின்றுவிடும்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): என் வண்டியின் சல்லடை கிழிந்துவிட்டது. கடையில் கிடைக்கவில்லை. ஜன்னல் கொசுவலையை வெட்டிப் போடலாமா?

பதில்: அந்த வலை பெரும்பாலும் பிவிசி பூசிய கண்ணாடி இழை. பெட்ரோலில் பிவிசி ஊறி, சுருங்கி, உதிரும். அந்தச் சிதறல்களே அடுத்த அடைப்பு. இரும்பு வலையோ, முட்டம், குளச்சல் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது.

60 கண்ணி பித்தளை வலை வாங்குங்கள்; ஓர் அங்குலத்துக்கு 60 கண்ணி, ஒரு கண்ணி கால் மில்லிமீட்டர். 40 கண்ணியில் பொடிமணல் நுழையும். 100 கண்ணியில் பெட்ரோல் இறங்க மறுக்கும், பிசினும் சீக்கிரம் பிடிக்கும். கழுத்தின் உள்விட்டத்தைவிட 2 மி.மீ. குறைவாக ஒரு மரக்கட்டையைக் கடைந்து, அதன்மேல் வலையைச் சுற்றிக் கிண்ணமாக வளையுங்கள். ஆழம் கூடக்கூட பெட்ரோல் இறங்கும் பரப்பும் கூடும், 75 மி.மீ. இருந்தால் தாராளம். மேல்விளிம்புக்கு அரை மி.மீ. பித்தளைத் தகடு போதும். தடித்தால் மூடியின் வாஷர் உட்காராது. பற்றவைக்க ரேடியேட்டர் கடையே நல்லது. ஆனால் பற்றவைப்பை மேசையில்தான் செய்ய வேண்டும். பெட்ரோல் இருந்த டேங்கைக் காலி செய்த பிறகும் ஆவி உள்ளே நிற்கும், அருகில் தீ கொண்டுபோனால் வெடிக்கும்.

பழைய ஆட்கள் சல்லடை தீயைத் தடுக்கும் என்பார்கள். சுரங்க விளக்குக்கு 1815-இல் ஹம்ஃப்ரி டேவி கண்ட தத்துவம்தான், நல்ல வலை சுடரின் சூட்டை உறிஞ்சும். கிழிந்த வலைக்கும் ஓரத்தில் இடைவெளி விட்ட வலைக்கும் அந்தக் குணம் இல்லை. அதை நம்பி யாரும் அருகில் பீடி பற்றவைக்க வேண்டாம்.

கேள்வி (குளச்சல் வாசகர்): ஐப்பசி மழையில் மூன்று மாதம் ஷெட்டிலேயே நின்ற கார். பெட்ரோலில் தண்ணீர் வந்துவிட்டது. சல்லடை தண்ணீரைப் பிடிக்காதா?

பதில்: பிடிக்காது. கம்பிவலை தூசியை மட்டும் நிறுத்தும். ஒரு காலத்தில் புனலில் ஷாமாய் என்னும் மென்தோல் போட்டு வடிகட்டியது தண்ணீருக்காகத்தான். அது எத்தனால் இல்லாத பெட்ரோல் காலத்து வழி. இப்போது கிடைப்பது எத்தனால் கலந்தது. எத்தனால் ஓரளவு நீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து, டேங்க் அடியில் தனி அடுக்காகத் தங்கும். அது கார்புரேட்டருக்குப் போனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, டேங்கும் துருப்பிடிக்கும். பிரிந்ததைக் குலுக்கிச் சேர்க்க முடியாது. அடி பிளக்கைக் கழற்றி முழுதும் வடித்துவிடுங்கள்.

கலப்பு எவ்வளவு என்று பார்க்க, 100 மி.லி. அளவுக் கண்ணாடிக் குழாயில் 90 மி.லி. பெட்ரோலும் 10 மி.லி. தண்ணீரும் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். அடியடுக்கு 28 மி.லி. வரை ஏறியிருந்தால், கூடியிருக்கும் 18 மி.லி. எத்தனால், அதாவது 20 சதவீதம். டேங்க் கேஜை இயக்கும் கார்க் மிதவைக்குப் பூசிய அரக்கு எத்தனாலில் கரையும். கார்க் ஊறி மூழ்கினால் டேங்க் நிறைந்திருந்தாலும் கேஜ் காலி என்று காட்டும். பித்தளை மிதவைக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி (குலசேகரம் வாசகர்): கேனில் வாங்கிவந்து ஊற்றலாமா?

பதில்: பங்க்காரர் ஒத்துக்கொண்டால், மூடி இறுகும் உலோகக் கேனில். நிரப்பும்போது கேனை டிக்கி விரிப்பின்மேலோ பிளாஸ்டிக் மேலோ வைக்காமல் தரையில் இறக்கி வையுங்கள். வீட்டில் ஊற்ற உலோகப் புனல், அது டேங்க் வாயைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஷெட் கதவை முழுதும் திறந்து வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுப்பங்கரை வரை போகும்.