கஞ்சாவும் களமும்: நீண்டகாலப் பழக்கம் குறித்த கேள்வி பதில்

விளையாட்டு வீரர்களுக்கு மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், நீண்டகாலக் கஞ்சாப் பழக்கம் உடல்திறனை என்ன செய்கிறது என்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஆறு ஆண்டுகளாக வாரத்தில் நான்கைந்து இரவு புகைக்கிறேன். அரை மராத்தான் ஓடுகிறேன். என் நேரம் மோசமாகவில்லை. அப்படியானால் எனக்குப் பாதிப்பு இல்லை என்றுதானே பொருள்?

நீங்கள் உங்களை ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய உங்களோடு ஒப்பிடுகிறீர்கள். ஆறு ஆண்டுப் பயிற்சி உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டுமோ அந்த இடத்தோடு ஒப்பிடுவதே சரியானது. பழக்கமுள்ள இளைஞர்களையும் இல்லாதவர்களையும் ஆய்வுக்கூடத்தில் வைத்து, உச்ச உழைப்பில் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தபோது பெரிய வேறுபாடு தென்படவில்லை என்பது உண்மை. இதை மறைத்துவிட்டு வீரர்களை அச்சுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் புகைத்த சற்று நேரத்தில் நிகழ்வது வேறு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 20 முதல் 50 சதவீதம் வரை உயரக்கூடும்; அதாவது, ஓடத் தொடங்கும் முன்பே இதயம் தன் கையிருப்பில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகிறது. 1986-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், புகைத்த பத்து நிமிடத்தில் சைக்கிள் மிதிக்கத் தொடங்கிய 12 இளைஞர்கள், வழக்கமாகத் தாக்குப்பிடிக்கும் 16 நிமிடத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 15 நிமிடத்திலேயே ஓய்ந்துபோனார்கள். தினமும் பழகியவருக்கு இந்தத் துடிப்பு உயர்வு நாளடைவில் குறைந்துவிடும் என்பதால், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் அவருக்கு எளிதில் வந்துவிடுகிறது.

நான் பார்த்தவரை, இழப்பு போட்டி நாளில் தெரிவதைவிடப் பயிற்சி நாளில்தான் முதலில் தெரிகிறது. 400 மீட்டர் ஓடும் ஒரு மாணவர் தன் பயிற்சிக் குறிப்பேட்டை என்னிடம் கொண்டுவந்தார். காலை நாடித்துடிப்பு, உறங்கிய நேரம், 300 மீட்டரை ஐந்து முறை ஓடிய நேரங்கள் எல்லாம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. சில தேதிகளின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி இருந்தது. முந்தைய இரவு புகைத்த நாள்களுக்கு, யாரும் சொல்லாமலே, அவரே வைத்த அடையாளம் அது. புள்ளி இருந்த நாள்களில் முதல் மூன்று ஓட்டங்கள் மற்ற நாள்களைப் போலவே இருந்தன. நான்காவதும் ஐந்தாவதும் சரிந்திருந்தன. அந்தக் கடைசி இரண்டு ஓட்டங்களில்தான் 400 மீட்டர்க்காரர் உருவாகிறார். நீங்களும் ஆறு வாரம் இப்படி எழுதிப் பாருங்கள். என் சொல்லை நம்புவதைவிட உங்கள் குறிப்பேட்டை நம்புவது நல்லது.

கேள்வி: சிகரெட்டைவிடக் கஞ்சாப் புகை நுரையீரலுக்குத் தீங்கு குறைந்தது என்கிறார்களே?

அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்டோரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், எப்போதாவது புகைத்தவர்களின் நுரையீரல் கொள்ளளவு குறையவில்லை. இந்த ஆய்வைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனினும், நாள்தோறும் புகைப்பவர்களிடம் நாள்பட்ட இருமல், சளி, இழுப்பு ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. கஞ்சாப் புகையை ஆழமாக இழுத்து நெஞ்சில் அடக்கிவைப்பதால், சிகரெட்டோடு ஒப்பிடும்போது இரத்தத்தில் ஏறும் கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ ஐந்து மடங்கும், உள்ளிழுக்கப்படும் தார் மூன்று மடங்கும் இருந்ததாக 1988-இல் அளந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தம் தசைக்கு ஆக்சிஜனைக் குறைவாகவே கொண்டுசேர்க்கும். நெடுந்தூரம் ஓடுபவருக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேண்டியதில்லை. நம் ஊரில் பொட்டலத்தைப் பிரித்து பீடித்தூளோடும் சிகரெட் தூளோடும் கலந்தே பெரும்பாலோர் புகைக்கிறார்கள். ஆகவே ஒன்றா மற்றொன்றா என்ற ஒப்பீட்டுக்கே இங்கு இடமில்லை.

கேள்வி: கடும் பயிற்சிக்குப் பின் புகைத்தால்தான் உறக்கம் வருகிறது, டாக்டர். உறக்கம் வீரருக்கு நல்லதுதானே?

விரைவில் உறங்கிவிடுகிறீர்கள் என்பது சரி. ஆனால் கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள், கனவு காணும் உறக்கப் பகுதியைக் குறைக்கிறது. புதிதாகக் கற்ற அசைவுகளை மூளை பதியவைப்பதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சலும் பசியின்மையும் தொடங்கும், உறக்கம் கெடும், கனவுகள் மிகத் தெளிவாகவும் கலக்கமாகவும் வரும். முதல் வாரத்தில் இது உச்சத்தை எட்டி, இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். பலர் இந்த நாள்களைக் கடக்க முடியாமல், 'கஞ்சா இல்லாமல் எனக்கு உறக்கமே வராது' என்று முடிவுகட்டி மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். அது பழக்கம் விலகும்போது வரும் குறி. உங்கள் உறக்கத்தின் இயல்பு அதுவன்று.

கேள்வி: புகைத்துவிட்டு ஓடினால் இன்பமாக இருக்கிறது. இதற்கு அறிவியல் விளக்கம் உண்டா?

உண்டு. நம் உடலே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992-இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலமின் குழுவினர் அதைக் கண்டறிந்து, 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே ஆனந்தமைட் என்று பெயரிட்டார்கள். நீண்ட ஓட்டத்தில் இரத்தத்தில் அதன் அளவு உயர்கிறது. ஓட்டத்தின் இன்பத்துக்கு, உடல் சுரக்கும் வலிதணிப்புப் பொருளான எண்டோர்பின் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஹாம்பர்க் நகரில் 63 ஓட்டக்காரர்களுக்கு எண்டோர்பினின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து ஓடவிட்டு, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த இன்பம் மறையவில்லை.

நாள்தோறும் வெளியிலிருந்து டி.எச்.சி.யைச் செலுத்தும்போது, அதுவும் ஆனந்தமைடும் போய் அமரும் ஏற்பிகளின் எண்ணிக்கையை மூளை குறைத்துக்கொள்கிறது. அதனால் புகைக்காமல் ஓடும் நாள் சப்பென்று தோன்றுகிறது. ஏறத்தாழ நான்கு வாரம் முற்றிலும் விலகியிருந்தால் ஏற்பிகள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் செய்தி இதுதான்.

கேள்வி: மாநிலப் போட்டியில் சிறுநீர்ச் சோதனை உண்டு. எத்தனை நாளுக்கு முன் நிறுத்தினால் போதும்?

இதற்கு நாள் கணக்குச் சொல்ல முடியாது. டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்கும் பொருள். ஒரு முறை புகைத்தவருக்குச் சில நாளில் நீங்குவது, பல ஆண்டு புகைத்தவருக்கு ஒரு மாதம் கடந்தும் கசிந்துகொண்டிருக்கும். சிட்னியில் 14 பழக்கக்காரர்களை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்கச் செய்தபோது, கொழுப்பிலிருந்து வெளிப்பட்ட டி.எச்.சி.யால் இரத்தத்தில் அதன் அளவு சிறிது உயர்ந்ததாக 2013-இல் பதிவாகியிருக்கிறது. தண்ணீர் குடித்தோ வியர்த்தோ இதைக் கழுவிவிட முடியாது.

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை கஞ்சாவைப் போட்டிக் காலத்தில் மட்டுமே தடைசெய்கிறது. போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59 மணிக்கே அந்தக் காலம் தொடங்கிவிடும். சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராம் என்றிருந்த வரம்பு 2013-இல் 150 ஆக உயர்ந்தது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பலகைப் போட்டியில் தங்கம் வென்ற கனடாவின் ராஸ் ரெபக்லியாட்டியிடம் காணப்பட்டது 17.8. பதக்கத்தைப் பறித்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைய வரம்பில் அது கணக்கிலேயே வராது.

அதற்காக அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். 2021 ஜூனில் அமெரிக்கத் தகுதிச்சுற்றின் 100 மீட்டரை 10.86 விநாடியில் வென்ற ஷகாரி ரிச்சர்ட்சன், தன்னைப் பெற்ற தாய் இறந்த செய்தியை ஒரு செய்தியாளர் வாயிலாகக் கேட்ட துயரில் கஞ்சாவை நாடினார். ஆலோசனைத் திட்டத்தை நிறைவுசெய்ததால் மூன்று மாதத் தடை ஒரு மாதமாகக் குறைந்தது. ஆயினும் அந்த வெற்றி நீக்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக் அவருக்குக் கைநழுவியது. 2023-இல் புடாபெஸ்டில் 10.65 விநாடியில் உலகச் சாம்பியன் ஆனார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: பாங்கு, சி.பி.டி. எண்ணெய்?

கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கிலும் டி.எச்.சி. உண்டு. சட்டம் இலையை வேறாகக் கருதலாம். சோதனைக்கூடம் அப்படிக் கருதாது. கஞ்சாவில் உள்ள, போதை தராத பொருளான சி.பி.டி. மட்டும் 2018 முதல் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் அமெரிக்காவில் இணையவழி விற்கப்பட்ட 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவில், 18-இல் டி.எச்.சி. இருந்தது. புட்டியின் மேல் ஒட்டிய சீட்டை நம்பிப் போட்டிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: நான் கபடிப் பயிற்சியாளர். என் அணியில் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் இதில் ஆழமாகப் போய்விட்டான். அணியிலிருந்து நீக்கிவிடவா?

அண்ணே, நீக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கு அவனை எதிர்பார்த்து ஒரு களம் காத்திருக்கிறது என்பதுதான் இப்போது அவனிடம் இருக்கும் பெரிய பிடிமானம். எல்லோர் முன்னிலும் கேட்காமல், பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பின் தனியாகப் பேசுங்கள். எப்போதிலிருந்து, எவ்வளவு, எதை மறக்க என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் அவனுக்கு உறக்கம் கெடும், சிடுசிடுப்பான். அந்த நாள்களில் மோதல் பயிற்சியைக் குறைத்து மெதுவோட்டம் கொடுங்கள். அடிக்கடி வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டுமே ஆறும் வயிற்றுவலி, யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சந்தேகம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் நீங்களே கூட்டிச்செல்லுங்கள். போதைமீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவச எண் 14446. முதல் அழைப்பை அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள்.