நடமாடும் கிட்டங்கி

அன்புள்ள ஐயா,

மத்திய ஆசியாவின் பாமீர் மலைப் பயணம் குறித்துத் தாங்கள் எழுதிய கட்டுரைகளை வாசித்தேன். வரும் ஆகஸ்டில் நண்பர்கள் இருவருடன் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பே வரை அதே வழியில் செல்லவிருக்கிறேன். கூடாரம், அடுப்பு, இருபது நாளுக்கான உலர் உணவு, செயற்கைக்கோள் கருவி, தனி ஜீப் என்று யாருடைய தயவும் தேவைப்படாதபடி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டோம். தங்கள் கட்டுரைகளில் மலைகளைவிட மனிதர்களே அதிகம் வருகிறார்கள். அப்படிப்பட்டவர்களை எப்படிச் சந்திப்பது? ஒரு வேளை தேநீர் கொடுத்தவரோடு ஏற்படுவதை நட்பு என்று சொல்லலாமா? என் அப்பத்தாவோ, "கொண்டுவிக்கவா போறே? சும்மா சுத்திப் பாக்கவா இம்புட்டுத் தூரம்?" என்று கேட்கிறார்கள். (வெளிநாடு சென்று தொழில் செய்வதைத்தான் 'கொண்டுவிப்பது' என்பார்கள்.)

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் பட்டியலைப் படித்தபோது பர்மாவில் வட்டித்தொழில் செய்த நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) வைத்திருந்த, கடையும் தங்குமிடமும் ஒன்றான கிட்டங்கிதான் என் நினைவுக்கு வந்தது. மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பலேறிய மேலாளும் (கடைப் பொறுப்பாளர்) அடுத்தாளும் (அவருக்கு அடுத்தவர்) பெட்டியடிப் பையனும் (எடுபிடிச் சிறுவன்) ஒரே கூரையின் கீழ் தங்கி, ஊரிலிருந்து வந்த சமையல்காரர் கையால் உண்டு, தண்டாயுதபாணியைக் கும்பிட்டு, கணக்கு முடித்துத் திரும்பினார்கள். 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. கடன் வாங்கியவனுடைய வயலின் நான்கெல்லையும் அறிந்தவர்கள் அவன் வீட்டு அடுப்படியைப் பார்த்ததில்லை. (இதை எழுதினால் எனக்குக் காரைக்குடியிலிருந்தே நான்கு கடிதங்கள் வரும் என்பது தெரியும்.)

என் ஐயா (தாத்தா) 1942-இல், ஜப்பானியர் படையெடுப்புக்குத் தப்பி, பர்மா எல்லையூரான தமு வழியாக இம்பாலுக்கு நடந்தே வந்தவர். பதினோராண்டுப் பர்மா வாழ்வைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னதெல்லாம் வட்டியும் நெல் விலையும்தான். அவர் பேச்சில் மனித முகங்கள் வரத் தொடங்குவது, கையில் ஒன்றுமில்லாமல் நடந்த அந்த வழியில்தான். காலில் புண்ணோடு கிடந்தவருக்கு மூங்கில் குழாயில் வெந்த சோற்றைக் கொடுத்த மலைக்காரப் பெண்ணை, "காதுல இம்புட்டுப் பெரிய தொளை" என்று விரலை வளைத்துக் காட்டி எண்பது வயதிலும் விவரிப்பார்.

தங்கள் தனி ஜீப் நடமாடும் கிட்டங்கியாகிவிடும் என்பதே என் அச்சம். 2018-இல் நான் சென்றது, சந்தைக்குப் போகிறவர்களோடு நெருக்கியடித்து அமரும் பங்கு ஜீப்பில். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திலுள்ள ஓஷிலிருந்து 4,655 மீட்டர் உயரமுள்ள அக்-பைட்டால் கணவாய்க்கு இரண்டே நாளில் ஏறியது என் மடமை. தாங்கள் சாரி-தாஷிலும் காராகுல் ஏரிக்கரையிலும் தங்கித் தங்கிச் செல்ல வேண்டும். கணவாயைக் கடந்து முர்காபுக்கு இறங்கும்போது வண்டி நின்றுவிட்டது; இருட்டிய பிறகு, தலைவலியில் கண் திறக்க முடியாத என்னை ஓட்டுநர் ஒரு கிர்கிஸ் மேய்ப்பரின் கம்பளிக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார். அங்கே மரம் என்பதே கிடையாது. வேரோடு பிடுங்கிய தெரெஸ்கென் என்னும் குத்துச்செடியும், நம் வறட்டியைப் போலக் காய்ந்த யாக் சாணமும்தான் எரிபொருள். அடுப்பைத் தூண்டிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாள் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து நகங்களை விளக்கருகே திருப்பிப் பார்த்துவிட்டு, ஓட்டுநரை நெடுநேரம் ஏசினார். மொழி புரியாவிட்டாலும் ஏச்சு புரிந்தது. எங்கள் வளவில் ஆச்சிமார் ஏசுகிற அதே ஏற்ற இறக்கம். பிறகு ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டு, உப்பிட்ட பால் தேநீரை ஊற்றி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே அமர்ந்திருந்தார். அவருடைய மாமனார் "ராஜ் கபூர்!" என்று சொல்லிவிட்டு நான் பாடுவதற்காகக் காத்திருந்தார். இந்திப் பாட்டு எதுவும் முழுதாகத் தெரியாததால் என் ஆயா (பாட்டி) பாடும் தாலாட்டைப் பாடினேன். கண்ணை மூடிக் கேட்டு, அதை இந்தியாகவே ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வாரம் வாகான் பள்ளத்தாக்கில், ஆற்றுக்கு அக்கரையில் ஆப்கானிஸ்தான் தெரியும் ஒரு சிற்றூரில் தங்கினேன். அங்கு வீடுகளில் ஐந்து தூண்கள். அவற்றுக்கு முகம்மது, அலி, பாத்திமா, ஹசன், ஹுசைன் என்று பெயர். கூரையில் சதுரத்துக்குள் சதுரமாக நான்கு அடுக்கு வைத்த ஒளித்திறப்பு. 1992 முதல் 1997 வரை நடந்த உள்நாட்டுப் போரில் உணவு வரத்து நின்று, இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகாகான் அனுப்பிய மாவு ஓஷ் சாலை வழியே லாரிகளில் வந்து சேர்ந்ததை வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே என் கைப்பேசியில் எங்கள் வீட்டு முகப்பின் படத்தைப் பார்த்து, "இத்தனை தூண்களுக்கும் என்ன பெயர்?" என்று கேட்டார். பர்மாத் தேக்கு என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது.

இவற்றை நட்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நட்பென்றால் திரும்பிப் போயிருக்க வேண்டும், நான் போகவில்லை. அவ்வழியே சென்ற வேறொரு பயணியிடம் படங்களை அச்சிட்டுக் கொடுத்தனுப்பினேன், அவ்வளவுதான்.

ஆகவே கூடாரத்தையும் உலர் உணவையும் விட்டுவிடுங்கள். குளிருடையையும் மருந்துகளையும் செயற்கைக்கோள் கருவியையும் விடாதீர்கள். அடுத்தவரை நம்புவது வேறு, அவர்மீது ஆபத்தைச் சுமத்துவது வேறு. படாக்‌ஷான் என்னும் தஜிகிஸ்தான் பாமீர்ப் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும். 2021-இல் மூடப்பட்ட கிர்கிஸ்–தஜிக் எல்லை 2025 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது என்றாலும், புறப்படுமுன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். விடுதியாக நடத்தும் வீடுகளில் பேரம் பேசாமல் பணம் கொடுங்கள். மற்ற வீடுகளில் பணத்தை நீட்டாமல், தேயிலையும் சர்க்கரையும் வீட்டுப் பெண்களிடம் கொடுங்கள். நான் கொண்டுபோன சீப்புச் சீடை குழந்தைகளிடம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இம்முறை மணகோலமும் சேர்த்துத் தங்கள் அப்பத்தாவையே செய்து தரச் சொல்லுங்கள், எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். டின்னில் அடைத்து மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் ஜீப்பின் பின்பக்கம் போட்டால் மாவாகத்தான் போய்ச்சேரும்.