மின்கட்டணம் ஏறினால் பயன்பாடு குறைகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். தெருவில் 60 வீடுகளின் ஈபி பில்லை வாங்கி, யூனிட் விலையையும் பயன்பாட்டையும் வரைந்து பார்த்தேன். விலை கூடக் கூட பயன்பாடும் கூடுகிறது. எங்கே தப்பு? – சேலம் வாசகி

கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை. பயன்பாடு கூடக் கூட யூனிட் விகிதமும் படிப்படியாக ஏறும் ஸ்லாப் முறையில் யார் வரைந்தாலும் கோடு இப்படித்தான் மேலே ஏறும். விலையைப் பார்த்து வீடுகள் பயன்பாட்டை முடிவு செய்கின்றன என்று வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறீர்கள். இங்கே பயன்பாடுதான் விலையை முடிவு செய்கிறது. இரண்டு ஏசி ஓடும் வீடு 700 யூனிட்டைத் தொடுவதால் உயர்ந்த ஸ்லாபுக்குப் போகிறது. ஒரே ஒரு மின்விசிறி ஓடும் வீட்டுக்கு 100 யூனிட்டுக்குள் முடிந்து, பில்லே வருவதில்லை.

விலை வெளியிலிருந்து மாறிய தருணத்தைப் பிடியுங்கள். 2022 செப்டம்பர் கட்டண உயர்வு எல்லா ஸ்லாபையும் ஒரே அளவில் தொடவில்லை. உயர்வுக்கு முன்னால் எந்த வீடு எந்த ஸ்லாபில் இருந்தது என்று பிரித்து, அதிகம் ஏறிய வீடுகளின் மாற்றத்தைக் குறைவாக ஏறிய வீடுகளின் மாற்றத்தோடு ஒப்பிடுங்கள். மே-ஜூன் பில்லை மே-ஜூனோடுதான் வைக்க வேண்டும். மார்கழியோடு வைத்தால் நீங்கள் அளப்பது வெயிலை.

இன்னொன்று: ஒரே ஒரு பில்லை வைத்து வீட்டைப் பிரிக்காதீர்கள். கல்யாணம் நடந்த வீட்டில் அந்த இரண்டு மாதம் 900 யூனிட் வந்திருக்கும். அடுத்த பில்லில் அது தானாகவே இறங்கும். கட்டணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குறைந்தது ஒரு வருடத்து ஆறு பில்களின் சராசரியை எடுங்கள்.

500 யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறுகிறது. மக்கள் அதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள்தானே, அதை அளக்க முடியுமா? – மதுரை வாசகர்

முடியும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 2022 செப்டம்பர் கட்டணப்படியே கணக்குப் போடலாம். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 என்றால் 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய், ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் 101-200 யூனிட்டுக்கான 2.25 ரூபாய் விகிதம் போய் 4.50 ஆகிவிடுகிறது.

மக்கள் இதைக் கவனித்து நடந்தால், எல்லா வீடுகளின் பில்களையும் யூனிட் வாரியாக அடுக்கும்போது 500-க்குச் சற்றுக் கீழே கூட்டம் குவிந்திருக்கும், மேலே பள்ளம் விழுந்திருக்கும். அந்தக் குவியலின் அளவிலிருந்து நெகிழ்ச்சியை, அதாவது விலைக்கு மக்கள் எவ்வளவு அசைகிறார்கள் என்பதை, மதிப்பிடலாம்.

என் அம்மா மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ரீடிங் குறித்து வைப்பார். 470 வந்ததும் ஏசி ரிமோட் பீரோவுக்குள் போய்விடும். ஆனால் எல்லா வீட்டிலும் அந்தப் பென்சில் கோடு இருக்காது. 500-ஐ நெருங்கிவிட்டோம் என்பதே தெரியாத வீட்டில் குவியல் எங்கிருந்து வரும்? அதனால் குவியல் சிறிதாக இருந்தால் மக்களுக்கு விலை பொருட்டில்லை என்று எழுதிவிடாதீர்கள். ரீடிங் எடுக்க நாலு நாள் தாமதமானால் 485-இல் இருந்த வீடும் தாண்டிவிடும். பில்லில் உள்ள நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே பாருங்கள். மாடிக்குத் தனி இணைப்பு வாங்கிய வீட்டில் பில் இரண்டாகப் பிரிந்திருக்குமே தவிர, மின்சாரம் மிச்சமாகியிருக்காது.

சாதாரண மக்கள் ஸ்லாப் கணக்கெல்லாம் பார்க்கிறார்களா? – கோவை வாசகர்

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் இரண்டு மின் நிறுவனங்களின் எல்லை ஒரே ஊருக்குள் ஓடுகிறது. கோட்டின் இருபுறமும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே வெயில். கட்டணம் மட்டும் வேறு. கோயிச்சிரோ இடோ என்ற பொருளாதார அறிஞர் அந்த வீடுகளின் பில்களை ஆராய்ந்து 2014-இல் கட்டுரை வெளியிட்டார். மக்கள் கடைசி யூனிட்டின் விலைக்கு அல்ல, மொத்த பில்லின் சராசரி விலைக்கே அசைகிறார்கள் என்பது முடிவு. ஸ்லாப் போட்டால் சிக்கனம் தானாக வரும் என்று நம்புகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

மாலை நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் என்ற சோதனைத் திட்டத்தில் நல்ல பலன் கிடைத்தால், எல்லா வீட்டுக்கும் அதே பலன் வருமா? – திருச்சி வாசகர்

யார் சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது. தாமாக முன்வருபவர்கள் ஏற்கெனவே மாலையில் வாஷிங் மெஷின் போடாதவர்களாக இருக்கலாம். அப்புறம், விரும்பியவர்களை மட்டும் விரும்பாதவர்களோடு ஒப்பிட்டால் பலன் பெரிதாகத் தெரியும். அமெரிக்காவின் சேக்ரமென்டோவில் இதைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துச் சோதித்தார்கள். ‘வேண்டுமென்றால் சேருங்கள்’ என்று கேட்ட வீடுகளில் ஏறக்குறைய 20 சதவீதம் சேர்ந்தன. ‘சேர்த்துவிட்டோம், வேண்டாமென்றால் விலகுங்கள்’ என்ற வீடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அப்படியே தங்கின. வீட்டுக்கு வீடு பார்த்தால் தாமாகச் சேர்ந்தவர்கள்தான் அதிகம் குறைத்தார்கள். மொத்தத்தில் இரண்டாவது வழியில்தான் அதிகம் குறைந்தது.

10 சதவீதம் விலை ஏற்றினால் எவ்வளவு குறையும், ஒரே வரியில் சொல்லுங்கள். – நெல்லை வாசகர்

நெகிழ்ச்சி 0.1 என்றால் 1 சதவீதம், 0.3 என்றால் 3 சதவீதம்.

ஆனால் எத்தனை காலத்துக்கு என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. முதல் பில்லைப் பார்த்ததும் விளக்கை அணைப்பார்கள், அவ்வளவுதான். பழைய 75 வாட் விசிறி ரிப்பேர் ஆகும்போதுதான் 30 வாட் பிஎல்டிசி விசிறி வாங்குவார்கள். தினம் 12 மணி நேரம் ஓடினால் அது இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 32 யூனிட்டைக் குறைக்கும். கட்டணம் ஏறி ஆறே மாதத்தில் ஆய்வை முடித்தால் அந்த விசிறி கணக்கிலேயே வராது. இரண்டு கோடைகளின் பில்லாவது கையில் இருக்க வேண்டும்.